சதுரங்கப் பொறியும் நிலைசார் நகர்த்தலும்

சதுரங்கம் தமிழ் மக்களுக்குப் புதிய ஆட்டமன்று. சோழநாட்டுப் பூவனூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருப்பெயர். அரசன் மகளாய் வளர்ந்த அம்மையைச் சதுரங்கத்தில் வென்று இறைவன் மணம் புரிந்தான் என அத்தலத்து வரலாறு கூறும். வலிமையால் வெல்வதினும் அறிவால் வெல்வது சிறந்தது என்னுங் கருத்து இவ்வரலாற்றினுள் அடங்கிக் கிடக்கின்றது. அறிவை உரைத்துப் பார்க்கும் கல்லாகப் பன்னூறாண்டு விளங்கிய இவ்வாட்டத்தில், இன்று மனிதனோடு பொறியும் உரைத்துப் பார்க்கப்படுகின்றது. ஆதலின், பொறியின் ஆட்டத்தை ஆராய்தல் ஒருவகையில் மனித அறிவின் இயல்பை ஆராய்தலேயாகும்.

கணக்கிட்டுக் காணும் தாக்குதலிலே பொறி வல்லது என்பதை மறுப்பார் இலர். மூன்று நகர்த்தலில் அரசனை மடக்கும் வழி உண்டெனின் அதனைப் பொறி தவறவிடாது. ஆயின், எதிரியின் காயை உடனே வெட்டுவதுமின்றி, அரசனை அச்சுறுத்துவதுமின்றி, நிலைமையின் தன்மையை நோக்கி அமைதியாக நடத்தப்பெறும் நகர்த்தல்கள் உள. இவற்றை நிலைசார் நகர்த்தல்கள் எனலாம். வல்ல மனிதர் கண்ட இத்தகைய நகர்த்தல்களைப் பொறியும் காணவல்லதோ என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. 'பொறிக்கு உயிரில்லை, ஆகவே ஒருநாளும் காணாது' என்பார் ஒருசாரார். 'பொறி அனைத்தையும் கண்டுவிட்டது. இனி மனிதர் ஆட்டத்தைக் கற்பது வீண்' என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் வினாவைப் பகுத்து நோக்காமையால் எழுந்தவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

நிலைசார் நகர்த்தல் யாது என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குதல் பொருந்தும். 1953 ஆம் ஆண்டு சூரிச் நகரில் நடந்த போட்டியில் றெஷெவ்ஸ்கியை எதிர்த்துப் பெட்ரோசியான் கறுப்புக் காய்களுடன் ஆடினார். எதிரியின் நடுக் காலாட்கள் முன்னேறித் தம் படையை நெரிக்கும் நிலை தோன்றியது. அப்போது அவர் தமது 25 ஆம் நகர்த்தலில், எதிரியின் மந்திரி வெட்டக்கூடிய கட்டத்திலே தம் கோட்டையைக் கொண்டு வைத்தார். கோட்டைக்கு மதிப்பு ஐந்து, மந்திரிக்கு மதிப்பு மூன்று எனக் கணக்கிடுவார்க்கு இஃது இழப்பாகவே தோன்றும். ஆயின் அக்கோட்டை எதிரியின் காலாளுக்குத் தடையாயிற்று. அது விட்டுச்சென்ற கட்டத்தின் வழியே கறுப்புக் குதிரை நடுப்பலகைக்குச் சென்று அசைக்கவியலாதபடி நிலைகொண்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. தோல்வியை நோக்கிச் சென்ற ஆட்டத்தை ஓர் அமைதியான நகர்த்தல் காத்தது.

மற்றையது 1974 ஆம் ஆண்டு நீஸ் நகர் ஒலிம்பியாட்டில் உன்சிக்கரை எதிர்த்துக் கார்ப்போவ் ஆடிய ஆட்டம். பலகையின் இடது ஓரத்து நிரை திறந்திருந்தது. இருவர் கோட்டைகளும் அந்நிரையில் மோதி ஒன்றையொன்று வெட்டி ஒழியும் என்றே பார்ப்போர் கருதுவர். கார்ப்போவ் தமது 24 ஆம் நகர்த்தலில் மந்திரியை அந்நிரையின் ஏழாங் கட்டத்தில் இட்டு, திறந்த வாயிலுக்குக் கதவு போட்டாற்போல் அடைத்தார். கதவின் பின்னே தம் கோட்டைகளை விரும்பியவாறு ஒழுங்குபடுத்த அவரால் இயன்றது, எதிரியால் இயலவில்லை. வேண்டும்போது கதவைத் திறக்கும் உரிமை அவருடையதே. எதிரியின் படை அக்கதவைக் காத்து நிற்க, கார்ப்போவ் மறுபக்கத்தில் மெல்ல மெல்ல நெருக்கி வென்றார். ஒரு காயும் வெட்டப்படாத இந்நகர்த்தலை நிலைசார் நகர்த்தலுக்கு இலக்கணமாகக் கூறலாம்.

இவ்விரண்டிலும் பொதுவாய் அமைந்த பண்பு யாது? நகர்த்தலின் பயன் அடுத்த சில நகர்த்தல்களில் வெளிப்படுவதில்லை. அதன் நியாயத்தைக் கணக்கால் அன்றி, 'நடுப்பலகைக் குதிரையை விரட்ட எதிரியிடம் காலாள் இல்லை', 'வாயிலின் உரிமை எம்மிடம் உண்டு' என்றாற்போன்ற வாக்கியங்களால் மனிதன் கூறுகின்றான். எனவே நிலைசார் நகர்த்தல் என்பது நகர்த்தலும் நியாயமும் சேர்ந்த ஒன்று. இப்பிரிவினை பின்னர் வேண்டப்படும் என்பதை வாசகர் மனங்கொள்க.

இனிப் பொறியின் வரலாற்றை நோக்குவோம். 1950 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளோட் ஷனன், கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்வது எவ்வாறு என ஒரு கட்டுரை வரைந்தார். அதில் அவர் கூறிய மதிப்பீடு ஆராயத்தக்கது. அரசிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தனித்தனி 3, காலாளுக்கு 1 என மதிப்பிட்டதோடு அவர் அமையவில்லை. இரட்டித்து நிற்கும் காலாள், பின்தங்கிய காலாள், துணையற்ற காலாள் ஆகிய குறை ஒவ்வொன்றுக்கும் அரைப் புள்ளி கழித்தார். காய்கள் செல்லக்கூடிய வழி ஒவ்வொன்றுக்கும் பத்திலொரு புள்ளி கூட்டினார். நிலையைப் பற்றிய அறிவு தொடக்கத்திலேயே எண்ணாக மாற்றப்பட்டுப் பொறிக்கு ஊட்டப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். ஆகவே, 'பொறி காய்களை எண்ணுமேயன்றி நிலையை அறியாது' என்னும் பழங்கூற்று முதனாளிலேயே முழுவுண்மை அன்று.

எனினும் அவ்வறிவு கடன் வாங்கிய அறிவு. எந்தக் குறைக்கு எத்தனை புள்ளி என்பதை மனிதனே வகுத்தான். துணையற்ற காலாள் ஒரு நிலையில் நோயாகவும் மற்றொரு நிலையில் வேலாகவும் அமையும். எண்ணோ இரண்டிடத்தும் ஒன்றே. பொறி எத்துணை ஆழம் தேடினும் அத்தேடலுக்கு ஓர் எல்லையுண்டு. எல்லைக்கு அப்பால் விளையும் பயன் அதற்குப் புலப்படாது. கார்ப்போவின் மந்திரி நகர்த்தலின் பயன் அவ்வெல்லைக்கு அப்பால் இருந்தது. ஆதலின் பழைய பொறிகள் இத்தகைய நகர்த்தல்களில் இடறியமை இயல்பே.

1997 ஆம் ஆண்டு மே மாதம் நியூயோர்க் நகரில் உலக வாகையர் கஸ்பரோவுக்கும் ஐ.பி.எம். நிறுவனத்தாரின் 'டீப் புளூ' என்னும் பொறிக்கும் நடந்த போட்டியின் இரண்டாம் ஆட்டம் இவ்வாராய்ச்சிக்கு நடுநாயகமானது. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை நோக்கவல்ல அப்பொறி வெள்ளைக் காய்களுடன் ஆடியது. 36 ஆம் நகர்த்தலில் அரசியை உட்புகுத்திக் காலாட்களைக் கவரும் வழி திறந்திருந்தது. காலாளைக் கவரும் ஆசை பொறிகளின் பிறவிக்குணம் என்பது அக்காலத்தார் கண்ட உண்மை. கஸ்பரோவ் அதனையே எதிர்பார்த்தார். அங்ஙனம் கவரின் அவருடைய படைக்கு உயிர்ப்பு வந்திருக்கும். பொறியோ காலாளைக் கவராது, ஓரக் காலாட்களை மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்த்தலில் மந்திரியை நடுப்பலகையில் இட்டு எதிரியின் எழுச்சிக்கு வழியை அடைத்தது. கார்ப்போவ் ஆடியிருப்பின் எவரும் வியந்திரார். ஆடியது பொறியாதலின் உலகம் வியந்தது. கஸ்பரோவ் திகைத்தார், மனிதர் எவரேனும் இடையிட்டனரோ என ஐயுற்றார். நிறுவனத்தார் அதனை மறுத்தனர்.

அவ்வையமே ஒரு திறனாய்வுச் சான்று என்பேன். நகர்த்தலை மட்டும் நோக்கி, இது மனிதனுடையது, இது பொறியினுடையது எனப் பிரித்தறிய அந்நாளில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராலும் இயலவில்லை என்பதற்கு அவ்வையமே சாட்சி. ஆயின் அதே ஆட்டம் மறுபக்கத்தையும் காட்டுகின்றது. 45 ஆம் நகர்த்தலின்பின் கஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தார். பின்னர் ஆராய்ந்தவர்களோ, அந்நிலையிலும் தொடர்ந்து அரசனை அச்சுறுத்திச் சமநிலை பெறும் வழி அவருக்கு இருந்ததெனக் காட்டினர். சிறந்த நிலைசார் நகர்த்தலை ஆடிய பொறி அதே ஆட்டத்தின் இறுதியிலே எதிரிக்கு ஒரு வாயிலைத் திறந்து விட்டிருந்தது. கஸ்பரோவ் அதனைத் தேடவில்லை. பொறியின்மேல் எழுந்த அச்சம் அவருடைய தேடலை நிறுத்திற்று எனக் கொள்வதே பொருந்தும். போட்டி 3½ - 2½ எனப் பொறியின் வெற்றியாக முடிந்தது.

இருபது ஆண்டுகளின்பின் நிலைமை அடியோடு மாறிற்று. 2017 ஆம் ஆண்டில் டீப்மைண்ட் நிறுவனத்தார் 'அல்பாசீரோ' என்னும் பொறியை வெளிப்படுத்தினர். இதற்கு எந்தக் காய்க்கு எத்தனை புள்ளி என எவரும் கற்பிக்கவில்லை. ஆட்டவிதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்களை ஆடி, வென்றமையும் தோற்றமையும் கொண்டு தன் மதிப்பீட்டைத் தானே திருத்திக்கொண்டது. 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுரையின்படி, அக்காலத்து வலிமைமிக்க 'ஸ்டொக்பிஷ்' பொறியோடு ஆடிய 1000 ஆட்டங்களில் 155 ஐ வென்று 6 இல் மட்டும் தோற்றது, எஞ்சியவை சமநிலை. இங்குக் கருதத்தக்கது வெற்றியன்று, வென்ற வகை. ஸ்டொக்பிஷ் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடி நிலைகளை நோக்க, அல்பாசீரோ 60,000 நிலைகளையே நோக்கியது. ஆயிரத்திலொரு பங்கு நோக்கி மிகுதியும் வென்றது எனின், எங்கே நோக்குவது, நோக்கிய நிலையை எவ்வாறு மதிப்பது என்பனவற்றில் அது மேம்பட்டிருந்தது என்பதே பொருள். நிலையுணர்வு என நாம் வழங்குவதும் அதனையன்றோ? காலாளையும் காயையும் கொடுத்து நெடுநாட் பயனைப் பெறுதல், எதிரியின் காயைச் செயலற்றதாக்கி மூலையில் நிறுத்துதல், ஓரக் காலாளை எதிரி அரசன் அருகே நடத்தி நெருக்குதல் முதலியன அதன் ஆட்டத்திற் சிறந்து விளங்கின. பெட்ரோசியானையும் கார்ப்போவையும் கற்றவர்க்கு அவ்வாட்டங்கள் அயலாகத் தோன்றா. 2020 முதல் ஸ்டொக்பிஷும் கற்றறியும் வலையமைப்பை மதிப்பீட்டுக்குக் கைக்கொண்டது.

ஆகவே, 'வல்ல மனிதர் கண்ட நிலைசார் நகர்த்தலைப் பொறி காணுமோ?' என்னும் வினாவின் முதற்பகுதிக்கு விடை தெளிவு. காணும், மனிதர் காணாதனவும் காணும். உயிரில்லாமையைக் காரணங்காட்டி மறுப்பது இனிப் பொருந்தாது.

வினாவின் இரண்டாம் பகுதி நியாயத்தைப் பற்றியது. பொறி அந்நகர்த்தலைக் கண்டது, மனிதன் கண்ட காரணத்தாலோ? 2022 ஆம் ஆண்டில், முன்னாள் உலக வாகையர் கிராம்னிக்கும் பங்குகொண்ட ஓர் ஆய்வு வெளியாயிற்று. அரசனின் பாதுகாப்பு, காய்களின் இயக்கம் முதலாக மனிதர் வழங்கும் கருத்துக்கள் பல, எவரும் கற்பிக்காமலே அல்பாசீரோவின் வலையமைப்பினுள் உருவாகியிருந்தமையை அது எடுத்துக்காட்டியது. மனிதர் பல நூற்றாண்டு முயன்று கண்ட கருத்துக்கள் வெறுங் கற்பனை அல்ல, ஆட்டத்தின் இயல்பிலேயே வேரூன்றியவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஆயின் அவை பொறியினுள் எண்களாகவே கிடக்கின்றன, வாக்கியங்களாக வெளிவருவதில்லை. அறிஞர் துருவி எடுத்தாலன்றி வெளித்தோன்றா.

இதனைத் தமிழ் மரபில் வைத்து விளக்கலாம். நமக்கு மூலமும் உண்டு, உரையும் உண்டு. திருக்குறளின் மூலம் கையிலிருக்கப் பரிமேலழகர் உரையை நாம் ஏன் நாடுகின்றோம்? மூலத்தில் உள்ளதையே உரை கூறுகின்றது எனினும், ஒருவன் அறிவிலிருந்து மற்றொருவன் அறிவுக்குச் செல்லும் பாலம் உரையே. பொறி தருவது உரையில்லா மூலம். 'இந்நகர்த்தல், கூட்டல் 0.7' என்று அது சொல்லும். ஏன் எனக் கேட்பின் இருபது நகர்த்தல்களை நிரையாக நீட்டும். அதுவும் மூலமே; உரையன்று. முன்னே நிலைசார் நகர்த்தலை நகர்த்தலும் நியாயமும் சேர்ந்தது என்றோம். நகர்த்தலைப் பொறி முழுமையாகத் தருகின்றது. நியாயத்தை நம்மிடமே விட்டுவிடுகின்றது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதனைப் பலரும் நோக்குவதில்லை. பொறி தேடுவது, பிழையே செய்யாத எதிரிக்கு எதிராகச் சிறந்த நகர்த்தலை. மனிதன் ஆடுவதோ களைப்பும் கடிகாரமும் அச்சமும் உடைய மற்றொரு மனிதனுக்கு எதிராக. 2013 ஆம் ஆண்டு நவம்பரில், மயிலாடுதுறையிற் பிறந்து ஐந்துமுறை உலக வாகை சூடிய விசுவநாதன் ஆனந்தைச் சென்னையிலே கார்ல்சன் 6½ - 3½ என வென்றார். ஐந்தாம் ஆறாம் ஆட்டங்கள் கோட்டைகள் மட்டும் எஞ்சிய இறுதிநிலைக்கு வந்தபோது, பொறிகள் இரண்டையும் ஏறத்தாழச் சமநிலை என்றே மதித்தன. கார்ல்சன் அம்மதிப்பீட்டை மறுக்கவில்லை, ஆடுவதை நிறுத்தவுமில்லை. ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒரு சிறு வினாவை எழுப்பினார். மணிக்கணக்காக விடையளித்த ஆனந்த் ஈரிடத்தில் இடறினார்; அவ்விரு ஆட்டங்களுமே போட்டியின் போக்கைத் தீர்மானித்தன.

2024 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நிகழ்ந்ததும் அதுவே. பதினான்காவதும் இறுதியுமான ஆட்டத்தில், சென்னை இளைஞர் குகேஷ் ஒரு காலாள் மிகுதியாகப் பெற்றிருந்தார். நிலையோ சமநிலைக்கு உரியது. உடன்பாட்டுக்கு இணங்காமல் அவர் நெருக்கிக்கொண்டே சென்றார். 55 ஆம் நகர்த்தலில் டிங் லிரென் தம் கோட்டையைத் தகாத கட்டத்தில் வைத்தார். காய்கள் மாற்றுண்டன, குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகை சூடினார். 'சமநிலை' என்ற பொறியின் கூற்று பொய்யன்று. ஆயினும் கடல் வரைபடம் 'செல்லலாம்' எனக் காட்டும் வழியை மாரிகாலத்து இரவிலே சிறு வள்ளத்திற் கடப்பது வேறொன்று என்பதைத் தீவகத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிரிக்கு எது கடினம் என உணர்ந்து ஆடும் நகர்த்தலை நிறைவான விடையை நாடும் பொறி காணாது. அதற்கு அவ்வினாவே இல்லை. இஃது உளவியலேயன்றிச் சதுரங்கமன்று எனச் சிலர் தடுப்பர். மனிதர் இருவர் ஆடும் ஆட்டத்தில் ஒரு நிலையின் கடினமும் அந்நிலையின் இயல்புகளுள் ஒன்றே என்பது அதற்கு விடை.

இவ்வாராய்ச்சியால் நமக்கு ஆவதென்ன எனக் கேட்கலாம். ஆவது பெரிது. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையிற் படகேற வேண்டும். கிராண்ட்மாஸ்டர் ஒருவர் வாரந்தோறும் அப்படகில் வந்து நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பார் என எதிர்பார்த்தல் இயலாது. ஆயின் உலகில் எந்த மனிதனையும் வெல்லவல்ல பொறி, விலையின்றி, ஒரு கைப்பேசியினுள் அடங்கி அப்பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது. வரலாற்றில் முதன்முறையாக, ஆட்டத்தின் உண்மையை அறியும் வாய்ப்பில் நெடுந்தீவு மாணவனும் பெருநகர மாணவனும் ஒத்து நிற்கின்றனர். இதனை இகழ்வது அறியாமை. ஆனால் இருவரும் உரையில் ஒத்து நிற்கவில்லை. நகரத்து மாணவனுக்கு ஆசிரியர் உளர். தீவகத்து மாணவனுக்கு மூலம் மட்டுமே கிடைத்துள்ளது.

குகேஷின் கல்விமுறை இங்கு நினைக்கத்தக்கது. அவருடைய ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா, இளமைப் பயிற்சியில் அவரைப் பொறியின் துணையின்றியே வளர்த்தார். தானே நிலையை நோக்கி, தானே கணக்கிட்டு, தானே முடிவெடுக்கும் பழக்கம் முன்னர்; பொறி பின்னர் என்பதே அம்முறை. 2019 ஆம் ஆண்டு சனவரியில், பதின்மூன்று வயது நிறையுமுன் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பொறி இல்லாமையால் அவர் சிறந்தார் என்று நான் கூறவில்லை. ஒருவர் வரலாறு பொதுவிதி ஆகாது. கூறுவது இவ்வளவே: விடையை முன்னே பெற்றவனிடம் வினா எழுவதில்லை. கணிதத்தில் செய்கை வழியின்றி விடை மட்டும் எழுதியவனுக்கு நாம் முழுப்புள்ளி இடுவதில்லை. விடை சரியெனினும் வழி அவனுடையதா என ஐயுறுகின்றோம். சதுரங்கத்திலும் அந்நெறியே வேண்டும்.

ஆகவே பாடசாலைச் சதுரங்கக் கழகங்களுக்கு மூன்று நெறிகளை முன்வைக்கலாம். முதலாவது, ஆட்டம் முடிந்ததும் மாணவன் தான் ஐயுற்ற மூன்று நிலைகளைக் குறித்து, ஏன் அவ்வாறு நகர்த்தினான் என்பதை ஓரிரு வாக்கியத்தில் எழுதுக. அதன் பின்னரே பொறியைக் கேட்க. இரண்டாவது, பொறியின் விடை தன் விடையின் வேறாயின், தன் நகர்த்தலை ஆடிப் பொறியை எதிராடச் செய்க. எங்கே எவ்வாறு ஒறுக்கப்படுகின்றது எனக் காண்பதே நியாயத்தைக் காணும் வழி. மூன்றாவது, கண்ட நியாயத்தைத் தன் சொல்லில் இன்னொரு மாணவனுக்கு எடுத்துரைக்க. உரை சொல்லத் தெரிந்தவனே மூலத்தைக் கற்றவன். ஆசிரியருக்கு ஆட்டத்திற் பெருவன்மை இல்லையெனினும் இம்மூன்றையும் நடத்திவைக்க இயலும், 'ஏன்?' என்று கேட்க அவருக்குத் தெரிந்தால் போதும். எதிராளியாகவும் தேர்வாளராகவும் பொறி இருக்க. உரையாசிரியர் இடம் மாணவனுக்கும் ஆசிரியருக்கும் உரியதாகுக.

தொகுத்துக் கூறின், மனிதர் கண்ட நிலைசார் நகர்த்தலைப் பொறி காண்கின்றது; அதன் நியாயத்தை மனிதமொழியிற் கூறுவதில்லை; மனிதனுக்கு மனிதன் இடும் இடர்ப்பாட்டை நாடுவதுமில்லை. முன்னதை மறுப்பவர் உண்மையை மறுப்பவராவர். பின்னவற்றை மறப்பவர் பிள்ளைகளுக்கு விடைகளைக் கொடுத்து அறிவைக் கொடாது விடுபவராவர். தீவகத்தில் இன்று கைப்பேசித் திரையில் தோன்றும் எண்ணை நோக்கியிருக்கும் பிள்ளைக்கு அவ்வெண்ணின் பொருளை உரைக்கும் கடமை நம்முடையதே.